ட்ரிப் சுவிச்சின் வாயை அடைக்காதீர்கள்!

 

இம்மாதம் எழுதுவதற்கு வேறொரு விடயத்தை எடுத்து வைத்திருந்தேன். ஒரு சகோதரியின் கடிதம் கிடைத்ததும் அதை ஒதுக்கி வைத்துவிட்டேன். ஏனென்றால், அந்தக் கடிதம் ஒரு மாதம் காத்திருக்கக் கூடியதல்ல. அவருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். என்றாலும் அவருடைய கேள்வி நம்மில் பலரின் வீடுகளில் எழக்கூடிய கேள்வி என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அந்தச் சகோதரி புது வீட்டுக்குக் குடிவந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பழைய வீட்டில் ஒன்பது வருடங்கள் ஒரு குறையுமில்லாமல் ஓடிய பிரிஜ், புது வீட்டில் அடிக்கடி ட்ரிப் சுவிச்சை விழுத்துகிறதாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வீடு முழுவதும் இருண்டு போகிறது. வயரிங் வேலை செய்பவர் வந்து பார்த்திருக்கிறார். "பிரிஜ்ஜில் ஒன்றுமில்லை ராத்தா, இந்த ட்ரிப் சுவிச்தான் கரைச்சல். இதைக் கழற்றிவிட்டு டிரெக்டாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். கணவர் கட்டாரில். வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகளும் வயதான மாமியும். "மாமி வுழூச் செய்துவிட்டு ஈரக்காலோடு வரும்போது பிரிஜ்ஜின் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டுதான் நடப்பார். அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது. கழற்றச் சொல்லவா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறேன். வேண்டாம்! எக்காரணம் கொண்டும் வேண்டாம்!

ஏன் என்பதை விளக்குவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மின்சார வேலை படித்தவனல்லன். அரபுக் கல்லூரியில் நஹ்வும் ஸர்பும் ஓதியவனுக்கு வயரிங் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதே பிரிஜ் பிரச்சினை இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டிலும் வந்தது. அந்தச் சகோதரிக்கு வந்த பயம் எனக்கு வரவில்லை. அதனால் நான் ஒரு பிழை செய்தேன். அந்தப் பிழையையும், அதன் பிறகு கற்றுக் கொண்டதையும்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்களுடையது தானாகவே பனியை உருக்கிக் கொள்ளும் வகைப் பிரிஜ். ஒருநாள் ஸுப்ஹுக்கு எழும்பிப் பார்த்தால் வீட்டில் கரண்ட் இல்லை. அயல் வீட்டில் வெளிச்சம் இருந்தது. ட்ரிப் சுவிச் விழுந்திருந்தது. மேலே ஏற்றினேன், நின்றது. பிரிஜ்ஜும் ஓடியது. அன்று பகல் மறுபடியும் விழுந்தது. மீண்டும் ஏற்றினேன். மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னர் திரும்பவும் விழுந்தது. பிரிஜ்ஜின் பிளக்கைக் கழற்றி வைத்த நாளில் மட்டும் விழவில்லை. ஆகவே குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது.

எங்களுக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தேன். அவர் அரை மணித்தியாலம் பிரிஜ்ஜை ஓடவிட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "ட்ரிப் சுவிச் பழசு ஹஸரத்" என்று சொல்லிப் புதியது ஒன்றை வாங்கிப் பூட்டினார். அடுத்த நாளே அதுவும் விழுந்தது. மறுபடி வந்தவர், பிரிஜ்ஜின் பிளக்கைத் திறந்து எர்த் வயரை மட்டும் கழற்றிவிட்டார். "இனி விழாது" என்றார். உண்மையிலேயே விழவில்லை! நோன்பு நெருங்கிக் கொண்டிருந்த நேரம். மீனும் இறைச்சியும் பழுதாகாமல் இருந்தால் போதும் என்று நானும் மகிழ்ந்து போனேன்.

ஐந்தாறு நாள் சென்றிருக்கும். மீன் கழுவிய கையோடு பிரிஜ்ஜைத் திறந்த என் மனைவி, கையில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது என்றார். நான் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. என் கை காய்ந்திருந்தது, காலில் செருப்பும் இருந்தது. "உங்களுக்குப் பிரமை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில், அதே போல். இம்முறை ஊர்தல் அல்ல, அடி. கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்ததால் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். அதே கணத்தில் ட்ரிப் சுவிச்சும் விழுந்தது. பிரிஜ்ஜுக்குப் பக்கத்தில் எங்கள் கடைசி மகள் தரையில் உட்கார்ந்து விளையாடிக் கொண்டிருந்தாள்.

சகோதரிகளே, அன்று அந்த ட்ரிப் சுவிச்சும் இல்லாமலிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது. எச்சரித்துக் கொண்டிருந்த ஒன்றின் வாயை அடைக்க நான் சம்மதித்தேன். மனைவி சொன்னதையும் பிரமை என்று தள்ளிவிட்டேன். இரண்டுமே என் பிழை.

ட்ரிப் சுவிச் ஏன் விழுகிறது?

மத்ரஸாவில் நாற்பது பிள்ளைகளை வுழூச் செய்துவர ஹவ்ழுக்கு அனுப்புகிறோம். போகும்போது எண்ணுகிறோம், திரும்பி வரும்போதும் எண்ணுகிறோம். முப்பத்தொன்பது பேர்தான் வந்தால்? உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அந்த ஒருவன் எங்கே என்று தேடுவோமல்லவா? ட்ரிப் சுவிச் செய்வதும் இதுதான்.

மின்சாரம் ஒரு வயரால் வீட்டுக்குள் சென்று மற்ற வயரால் திரும்பி வர வேண்டும். போன அளவும் வந்த அளவும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால், குறைந்த அளவு வேறு எங்கோ கசிகிறது என்று பொருள். அது ஒரு பொருளின் உலோக உடல் வழியாக எர்த் வயருக்குப் போகலாம். அல்லது ஒரு மனிதரின் உடல் வழியாகத் தரைக்குப் போகலாம். எது என்று ட்ரிப் சுவிச்சுக்குத் தெரியாது. அதனால் அது காத்திருப்பதுமில்லை. வீடுகளில் பூட்டப்படும் ட்ரிப் சுவிச்சில் வழக்கமாக 30 mA என்று எழுதியிருக்கும், அதாவது 30 மில்லியம்பியர். ஒரு அம்பியரின் ஆயிரத்தில் முப்பது பங்கு. அந்த அளவு கசிந்தால் ஒரு செக்கனின் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது விழ வேண்டும். கசிவு அதைவிட அதிகமென்றால் இன்னும் வேகமாக விழும்.

இந்த 30 என்ற எண் சும்மா வைத்ததல்ல. 1 மில்லியம்பியர் அளவிலேயே உடல் கூச்சத்தை உணரத் தொடங்கும். 10ஐத் தாண்டினால் தசைகள் இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டிய மின்சாரம் உடலில் நீடித்துப் பாய்ந்தால் இதயத்தின் துடிப்பே குழம்பிப் போகும் ஆபத்து உண்டு. நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஈரக்கையும் ஈரக்காலுமாக இருக்கும் ஒருவரின் உடலில் அது 200 மில்லியம்பியருக்கு மேல் பாயக் கூடும்.

எர்த் இருக்கும்போது ட்ரிப் சுவிச் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நமது நாட்டு வீடுகளில் சுவரோரம் நிலத்தில் அடித்திருக்கும் கம்பிதான் எர்த். நிலம் காய்ந்திருந்தால் அதன் தடை 50 ஓம் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். 230 வோல்ட்டை 50ஆல் பிரித்தால் 4.6 அம்பியர்தான் பாயும். 15 அல்லது 20 அம்பியர் பிரேக்கருக்கு 4.6 அம்பியர் ஒரு பொருட்டே அல்ல, அது விழாது. பிரிஜ்ஜின் உடல் மின்சாரத்தோடு அப்படியே நின்று கொண்டிருக்கும். 30 மில்லியம்பியரில் விழும் ட்ரிப் சுவிச் இருந்தால்தான் அந்த இடத்தில் உயிர் பிழைக்கும். எர்த்தும் ட்ரிப் சுவிச்சும் சேர்ந்தே காவல் செய்கின்றன. ஒன்றைக் கழற்றினால் மற்றது பாதி குருடாகிவிடும்.

பழைய வீட்டில் ஏன் விழவில்லை என்பதற்கும் பதில் இதற்குள் இருக்கிறது. அங்கே ட்ரிப் சுவிச்சே இல்லாமலிருந்திருக்கலாம். அல்லது எர்த் இல்லாத இரண்டு ஊசி பிளக்கில் பிரிஜ் ஓடியிருக்கலாம். பிரிஜ் அங்கேயும் கசிந்திருக்கக் கூடும். சொல்வதற்குத்தான் ஆள் இருந்திருக்காது.

நாட்காட்டியில் கிடைத்த பதில்

அடி பட்ட அன்றே பிரிஜ்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு, தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற ஒருவரைத் தேடிப் போனேன். அவர் வந்ததும் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் கேட்டது ஒரு கேள்வி: "எந்தெந்த நேரம் விழும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மனைவி சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றிக் கொண்டு வந்தார். விழத் தொடங்கிய முதல் கிழமையிலிருந்தே அவர் குறித்து வைத்திருந்தார். விழுந்த நேரம் மட்டுமல்ல, நாங்கள் திரும்ப ஏற்றிய நேரமும் இருந்தது. காலை 5 மணிக்கு ஏற்றினால் 11 மணியளவில் விழுந்திருக்கிறது. 11.30க்கு ஏற்றினால் மாலை 5.30ஐ ஒட்டி. இரவில் மட்டும் ஏழு மணித்தியாலம் வரை சென்றிருக்கிறது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இதை முதலில் வந்தவருக்குக் காட்டியிருந்தால் புது ட்ரிப் சுவிச் வாங்கியிருக்கத் தேவையில்லை ஹஸரத்" என்றார். முதலில் வந்தவர் எங்களிடம் நேரம் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அவர் சொன்ன விளக்கம் இது. பனி உருக்கும் பிரிஜ்ஜினுள் ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது எப்போதும் வேலை செய்வதில்லை. கம்பிரஸர் சில மணித்தியாலம் ஓடிய பிறகு, உள்ளே குழாய்களில் படிந்த பனியை உருக்குவதற்காகக் கொஞ்ச நேரம் மட்டும் சூடேறும். எங்கள் பிரிஜ், கரண்ட் போய் வந்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்கும் வகை. ஆகவே ஏற்றிய நேரத்திலிருந்து ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்தில் ஹீட்டரின் முறை வரும். இரவில் கதவை யாரும் திறப்பதில்லை, கம்பிரஸர் குறைவாகவே ஓடும், அதனால் கொஞ்சம் பிந்தும். அரை மணித்தியாலம் நின்று பார்த்தவரின் கண்ணில் இது எப்படிப் படும்?

பிறகு மெகர் என்ற கருவியால் ஒவ்வொரு பாகமாக அளந்தார். கம்பிரஸர் நன்றாக இருந்தது. ஹீட்டரில்தான் கசிவு. பனியும் ஈரமும் சூழ்ந்த இடத்தில் வருடக் கணக்காக இருந்ததால் அதன் உறைக்குள் ஈரம் புகுந்திருந்தது. ஹீட்டரை மாற்றினார், எர்த் வயரைத் திரும்பப் பூட்டினார். அதன் பிறகு இன்று வரை விழவில்லை. என் மனைவிக்குச் சில நேரம் கூச்சம் வந்ததும் சில நேரம் வராததும் ஏன் என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஹீட்டர் சூடேறும் நேரம் மட்டும்தான் பிரிஜ்ஜின் உடலுக்கு அந்த மின்சாரம் வந்தது. பிரமை அல்ல!

நீங்கள் வீட்டிலேயே கண்டுபிடிக்கக் கூடியவை

எந்தப் பொருளின் மூடியையும் கழற்றாமல், ஒரு வயரையும் தொடாமல், எது பிழை என்பதை நீங்களே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். கை காய்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும்.

முதலாவது: விழுந்தது எது என்று பாருங்கள். மின்பெட்டியில் இரண்டு வகைச் சுவிச்சுகள் உண்டு. 'T' அல்லது 'Test' என்று எழுதிய சிறு பொத்தான் உள்ளது ட்ரிப் சுவிச். அது விழுந்தால் கசிவு. வரிசையாக இருக்கும் சிறியவை பிரேக்கர்கள். அவற்றில் ஒன்று மட்டும் விழுந்தால் பாரம் கூடியிருக்கிறது, அல்லது வயர்கள் ஒன்றோடொன்று முட்டியிருக்கின்றன. 2000 வாட் கேத்தல் 8.7 அம்பியர் எடுக்கும். 1000 வாட் அயன் 4.3 அம்பியர் எடுக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் 13 அம்பியர், ஒரு பிளக் பொயின்ட் தாங்கக் கூடிய முழு அளவு. அதோடு ரைஸ் குக்கரையும் சேர்த்தால் குற்றம் பொருளில் இல்லை, நம்மில்தான்.

இரண்டாவது: ட்ரிப் சுவிச் விழுந்திருந்தால், எல்லாப் பொருட்களின் பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக் பொயின்டின் சுவிச் பெரும்பாலும் ஒரு வயரைத்தான் துண்டிக்கும், மற்ற வயர் தொடர்பிலேயே இருக்கும். அதன் வழியாகவும் கசிவு ஏற்படலாம்.

மூன்றாவது: இப்போது ட்ரிப் சுவிச்சை ஏற்றுங்கள். நிற்கவில்லையா? அப்படியானால் பிழை வயரிங்கில், அல்லது நிலையாகப் பூட்டிய ஒன்றில். தண்ணீர் மோட்டர், குளியலறை ஹீட்டர், வெளி மதிலின் லைட் ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். மழை பெய்த நாட்களில் மட்டும் விழுகிறதென்றால் அநேகமாக இவற்றுள் ஒன்றில் ஈரம் புகுந்திருக்கும். இனி நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், தெரிந்தவரை அழையுங்கள்.

நான்காவது: நின்றதா? ஒவ்வொரு பொருளாகப் பூட்டிப் பாருங்கள். எதைப் பூட்டியதும் விழுகிறதோ அதைத் தனியே வையுங்கள். நிச்சயப்படுத்துவதற்கு அதை வேறொரு பிளக் பொயின்டில் ஒரு தடவை மட்டும் பூட்டிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் பிழை பொருளில். அங்கே விழாமல், பழைய இடத்தில் வேறு பொருளைப் பூட்டினாலும் விழுந்தால் பிழை அந்தப் பிளக் பொயின்டில். ஆனால் இரண்டாவது இடத்திலும் எர்த் வேலை செய்ய வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் விழாமல் ஓடுவது நல்ல செய்தியல்ல.

ஐந்தாவது: எந்த நேரத்தில் விழுகிறது என்று எழுதுங்கள். பூட்டியவுடனா? சூடேறிய பிறகா? பல மணித்தியாலம் கழித்தா? மழைக்கா? எந்தப் பொருள் ஓடிக்கொண்டிருந்தது? ஏற்றிய நேரம் என்ன? ஒரு கிழமை எழுதினாலே கதை பாதி தெளிந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: தொட்டவருக்குக் கூச்சமோ அடியோ தந்த பொருளை நேரம் பார்ப்பதற்காக ஓடவிடக் கூடாது. உடனே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

சில வேளை எந்தத் தனிப் பொருளும் அகப்படாது. எல்லாம் சேர்ந்து ஓடும்போது மட்டும் விழும். நல்ல பொருட்களிலும் மிகச் சிறிய கசிவு உண்டு. 30 என்று எழுதிய ட்ரிப் சுவிச் 15க்கும் 30க்கும் இடையில் எங்கேயும் விழலாம். ஏழெட்டுப் பொருட்களின் சிறு கசிவுகள் ஒன்று சேர்ந்தாலும் எல்லை தாண்டிவிடும். இதையும் வருபவரிடம் சொல்லுங்கள்.

சமையலறையின் வழக்கமான குற்றவாளிகள்

கேத்தலின் அடிப்பாகத்தைக் குழாயின் கீழே பிடித்துக் கழுவியிருப்போம். ரைஸ் குக்கரின் உள்பாத்திரத்தை வெளிப்புறம் ஈரத்தோடு வைத்திருப்போம், அல்லது கஞ்சி வழிந்து அடித்தட்டுக்குள் இறங்கியிருக்கும். பிளெண்டரின் மோட்டர் பகுதிக்குள் தண்ணீர் கசிந்திருக்கும். இவற்றைப் பிளக்கைக் கழற்றி, கவிழ்த்து வைத்து, இரண்டு மூன்று நாள் நன்றாக உலரவிட்டால் சில வேளை சரியாகிவிடும். உலர்ந்த பிறகும் விழுந்தால் திருத்துபவரிடம் கொடுக்க வேண்டும். அயனில் வயர் உள்ளே நுழையும் கழுத்துப் பகுதியைப் பாருங்கள். மடிந்து மடிந்து உறை வெடித்திருந்தால் டேப் சுற்றிப் பாவிக்காதீர்கள், வயரையே மாற்றுங்கள். உடுப்புக் கழுவும் இயந்திரம் தண்ணீர் வெளியேற்றும்போது மட்டும் விழுத்தினால் பம்பிலும், தண்ணீரைச் சூடாக்கும்போது விழுத்தினால் அதன் ஹீட்டரிலும் சந்தேகம் கொள்ளலாம்.

இடி மின்னலின்போது ஒரு தடவை விழுந்து, ஏற்றியதும் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேர மழையோடு இது பல வீடுகளில் நடப்பதுதான். மின்னல் ஓய்ந்த பிறகு ஏற்றுங்கள்.

பிரிஜ் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவை பழுதாகிவிடுமே என்ற பதற்றத்தில்தான் நாம் பிழையான முடிவெடுக்கிறோம். கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 4 மணித்தியாலம் குளிர் காக்கும். நிறைந்திருக்கும் ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணித்தியாலமும், பாதி நிறைந்தது 24 மணித்தியாலமும் தாங்கும். அதற்குள் அயல் வீட்டு ஃப்ரீசரில் கொஞ்சம் இடம் கேட்கலாம். கேட்பதில் என்ன வெட்கம்?

செய்யவே கூடாதவை

ட்ரிப் சுவிச்சைக் கழற்றி நேரே கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். பிளக்கின் எர்த் வயரைக் கழற்றவோ, எர்த் ஊசியை உடைக்கவோ விடாதீர்கள். மூன்று ஊசிப் பொருளை இரண்டு ஊசி எக்ஸ்டென்ஷனில் பூட்டாதீர்கள். விழும் பிரேக்கருக்குப் பதிலாக, வயர் தாங்குமா என்று பாராமல் பெரிய பிரேக்கரைப் போட இடமளிக்காதீர்கள். அப்போது பிரேக்கர் விழுவதற்கு முன் சுவருக்குள் வயர் எரியும். திரும்பத் திரும்ப விழும் சுவிச்சைத் திரும்பத் திரும்ப ஏற்றிக் கொண்டிருக்கவும் வேண்டாம்.

ட்ரிப் சுவிச் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றிவிடும் என்றும் எண்ணாதீர்கள். போகும் வயரையும் வரும் வயரையும் ஒருவர் ஒன்றாகத் தொட்டுவிட்டால், போன அளவே திரும்பி வருவதால் அது விழாமலிருக்கலாம். பிளக் பொயின்ட் துளைக்குள் பிள்ளைகள் கம்பி விடாமல் பார்த்துக் கொள்வது நம் பொறுப்புத்தான். யாராவது மின்சாரத்தில் ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிச்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த தடியால் விலக்குங்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை அந்த 'T' பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் ட்ரிப் சுவிச்சை மாற்ற வேண்டும். விழுந்தால் ட்ரிப் சுவிச் நல்லது என்றுதான் பொருள், எர்த் நல்லது என்று பொருளல்ல. சுவரோரத்து எர்த் கம்பியில் வயர் இறுக்கமாக இருக்கிறதா, துருப்பிடித்து அறுந்திருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவை காட்டிக் கொள்ளுங்கள். பூச்சு வேலை, பெயின்ட் வேலை நடந்த வீடுகளில் அந்த வயர் அறுபட்டிருப்பது உண்டு.

கடிதம் எழுதிய சகோதரிக்கு

நீங்கள் பயந்தது சரி. கணவர் ஊரில் இல்லாதபோது வேலை தெரிந்த ஒருவர் முன்னால் நின்று "வேண்டாம்" என்று சொல்வது லேசானதல்ல என்பதை அறிவேன். அதனால் சொல்ல வேண்டியதை எழுதித் தருகிறேன், அப்படியே சொல்லுங்கள்: "ட்ரிப் சுவிச் இருக்கட்டும் தம்பி. பிரிஜ்ஜில் எந்தப் பாகம் கசிகிறது என்று மெகரால் அளந்து சொல்லுங்கள். ட்ரிப் சுவிச்சில் பிழை என்றால், அதற்குரிய கருவியால் சோதித்து எத்தனை மில்லியம்பியரில் விழுகிறது என்று காட்டுங்கள்." ட்ரிப் சுவிச்சும் பழுதாகக் கூடியதுதான். பழுதென்று அளந்து தெரிந்தால் புதியதைப் பூட்டட்டும். ஆனால் அந்த இடம் ஒரு நாளும் வெறுமையாக இருக்கக் கூடாது. அளக்கக் கருவி இல்லை என்று சொன்னால் நன்றி கூறி அனுப்பிவிட்டு, கருவி உள்ளவரைத் தேடுங்கள். அவருக்குக் காட்டுவதற்கு நேரங்களை எழுதி வையுங்கள். உங்களுடையதும் பனி உருக்கும் வகையென்றால் ஹீட்டரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை பிரிஜ்ஜின் பிளக் கழன்றே இருக்கட்டும். மாமி பிடித்து நடப்பதற்குச் சுவரில் ஒரு மரக் கைப்பிடி அடித்துக் கொடுங்கள். பிரிஜ் திருந்திய பிறகும் அது அவருக்கு உதவும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். அதற்கு முன் இன்றே உங்கள் வீட்டு மின்பெட்டியைப் போய்ப் பாருங்கள். அங்கே ட்ரிப் சுவிச் இருக்கிறதா?